செட்டிநாட்டுப் பொட்டலில் ஓடிய சினிமா: டூரிங் கொட்டகைகள் எப்படி மறைந்தன?

காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர் தமிழ்நாட்டில் முதலில் எங்கே வந்திருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம்தான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அரண்மனை மாதிரி வீடு கட்டிய கையோடு மோட்டார் காரும் வாங்கிவிட்டார்கள். கானாடுகாத்தான் தெருவெல்லாம் அகலம். ஊரைத் தாண்டினால் செம்மண் பொட்டல், ஏக்கர் கணக்கில் சும்மா கிடந்தது. ஐப்பசி கார்த்திகையை விட்டால் மழைத் தொந்தரவும் அவ்வளவாகக் கிடையாது.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் உலகின் முதல் டிரைவ்-இன்னைத் திறந்தது 1933 ஜூன் 6. காருக்கு 25 சென்ட், உள்ளே இருக்கும் ஆளுக்கு ஆள் 25 சென்ட். பின்வரிசைக் காருக்கும் திரை தெரிய வேண்டுமென்று தரையை மேடு மேடாகச் செதுக்கி, அதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். தமிழில் பேசும் படம் வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 'காளிதாஸ்' வெளியானது 1931 அக்டோபர் 31.

ஆனாலும் டிரைவ்-இன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. காரணம் ஒன்றும் பெரிய மர்மம் கிடையாது. கார் வைத்திருந்தவர்கள் ஊருக்குச் சில வீட்டார். படம் பார்க்க ஆசைப்பட்டவர்களோ வில்வண்டியிலும் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் வந்த ஆயிரக்கணக்கானோர். நூறு வீட்டில் எண்பது வீட்டுக்குக் கார் இருக்கும் ஊரில்தான் டிரைவ்-இன் பிழைக்கும். அதனால்தான் 1950களின் கடைசியில் அமெரிக்காவில் நாலாயிரத்துக்கு மேல் இருந்தபோது இங்கே அது கதையாகவே இருந்தது. அகமதாபாத்தில் சன்செட் டிரைவ்-இன் திறந்தது 1973ல்தான். நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்த ஒரே டிரைவ்-இன், சென்னை ஈசிஆர் ரோட்டு பிரார்த்தனா.

செட்டிநாட்டுக்குப் பொட்டல்வெளி சினிமா வேறு உருவத்தில் வந்தது. டூரிங் டாக்கீஸ், அதாவது கீற்றுக் கூரை போட்டுக் கொஞ்ச காலம் படம் ஓட்டிவிட்டுப் பிரித்துக்கொண்டு போகும் தற்காலிகத் தியேட்டர். ஊர்ப் பேச்சில் வெறும் 'கொட்டகை'. டிரைவ்-இன்னுக்கும் கொட்டகைக்கும் ஒற்றுமை நிறைய உண்டு. ரெண்டுமே ஊருக்கு வெளியே, மலிவான நிலத்தில். ரெண்டுக்குமே பொழுது சாய்ந்தால்தான் பிழைப்பு. கீற்றுக்கு நடுவில் வெளிச்சம் விழும் கொட்டகையில் பகல் காட்சி ஓட்ட முடியாது. அதனால் சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஒன்று, அவ்வளவுதான். நாலு காட்சி ஓட்டும் டவுன் தியேட்டரோடு ரெண்டு காட்சிக்காரன் போட்டி போட வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது பாதி புரிந்துவிடும்.

கொட்டகையை டிவி கொன்றது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. டிவி கடைசியில் வந்து தள்ளிவிட்டது, உண்மைதான். கொட்டகையின் ஆயுளைக் குறைத்து எழுதியது அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்த சட்டமும், அது நின்ற இரவல் நிலமும்.

ரயில் கொண்டுவந்த பெட்டி

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலைத் தொடங்கி வைத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே டிராப்ட்ஸ்மேனாக இருந்தவர். 1905ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டி அவர் ஓரிடத்தில் நின்றுவிட்டாலும், அவர் காட்டிய வழி நிற்கவில்லை.

செட்டிநாட்டுக்கு ரயில் தாமதமாகத்தான் வந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929ல், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930ல். பேசும் படமும் ரயிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததால், புரொஜெக்டரும் ஆயில் எஞ்சினும் படப்பெட்டியும் இறங்க ஸ்டேஷன் தயாராக இருந்தது. அதற்குப் பிறகு மாட்டுவண்டி, பின்னாளில் பஸ் கூரை.

கொட்டகைச் சாமான்களில் விலை கூடியது புரொஜெக்டர். அதற்குள் இருந்தது கார்பன் ஆர்க் விளக்கு. பென்சில் மாதிரி ரெண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் நிறுத்தி, முனைகளைத் தொட வைத்துச் சற்றே விலக்கினால் நடுவில் மின்சாரம் பாய்ந்து கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம் வரும். கார்பன் எரிய எரிய இடைவெளி கூடும். ஆப்பரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே திருகைத் திருகி ரெண்டு முனையையும் கிட்டே கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் திரை மஞ்சளடித்து மங்கும், கொட்டகையே அவர் வம்சத்தை விசாரிக்கும். இந்த விளக்குக்கு டிசி மின்சாரம் வேண்டும். ஊருக்குக் கரண்ட் வராத காலத்தில் ஆயில் எஞ்சினும் டைனமோவும் சேர்ந்து அதைத் தந்தன. எஞ்சின் சத்தம் படத்தில் கலக்காமலிருக்கத் தள்ளி ஒரு குடிசை போட்டு அதில் வைப்பார்கள். காமராஜர் காலத்தில் ஊருக்கு ஊர் கரண்ட் வந்தபோது எஞ்சின் ஓய்ந்தது. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் பெட்டி அந்த இடத்துக்கு வந்தது.

டவுன் தியேட்டரில் ரெண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ரீல் முடியும்போது மற்றதில் அடுத்த ரீல் தொடங்கும். கொட்டகையில் பெரும்பாலும் ஒன்றுதான். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம். ரெண்டாயிரம் அடி என்றால் இருபத்திரண்டு. ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டாக வேண்டும். டூரிங் டாக்கீஸில் நாலைந்து இடைவேளை என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது இதைத்தான். முறுக்கு, கடலை, கலர் சோடா வியாபாரத்துக்கு அது தோதாகப் போயிற்று. சில இடங்களில் டிக்கெட்டில் கிடைத்ததைவிட இந்தக் கடைக் குத்தகையை நம்பித்தான் முதலாளி மூச்சு விட்டார்.

ஒரே செட்டிநாடு, ரெண்டு ஏரியா

செட்டிநாடு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆட்சி வரைபடத்தில் அது என்றைக்கும் ஒன்றாக இருந்ததில்லை. ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, பொன்னமராவதி எல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச் 3. அதன்பின் அது திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1974ல். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ராமநாதபுரம் ஜில்லா. 1985லிருந்து சிவகங்கை மாவட்டம்.

சினிமா வியாபாரமும் இதே கோட்டில்தான் பிரிந்தது. விநியோகஸ்தர் மொழியில் மதுரை–ராமநாதபுரம் 'எம்.ஆர். ஏரியா', திருச்சி–தஞ்சாவூர் 'டி.டி. ஏரியா'. படத்தை ஏரியா ஏரியாவாகத்தான் விற்பார்கள். அதனால் காரைக்குடிப் பக்கக் கொட்டகைக்குப் பெட்டி மதுரையிலிருந்தும், சில மைல் தள்ளியிருக்கும் கடியாபட்டிப் பக்கத்துக்குத் திருச்சியிலிருந்தும் வரும். பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்து உறவாடிய ஊர்கள், ஒரே படத்தை வேறு வேறு மாதத்தில் பார்த்தன. எம்.ஜி.ஆர். படம் அந்த ஊரில் வந்துவிட்டது, நம் ஊருக்கு இன்னும் வரவில்லை என்று எல்லை தாண்டி வண்டி கட்டிப் போவார்கள்.

ஏரியாவுக்குள்ளும் படிக்கட்டு உண்டு. மதுரை, திருச்சி 'ஏ சென்டர்'. காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை 'பி சென்டர்'. கொட்டகை இருக்கும் கிராமம் 'சி சென்டர்'. படம் மேலே ஓடித் தேய்ந்த பிறகே கீழே இறங்கும். பிரின்ட்டில் கீறல் விழுந்து திரையில் மழை பெய்யும். பாட்டு ரீல் மட்டும் அடிக்கடி அறுந்து ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் வாடகையும் அதற்கேற்பக் குறைவு. பெட்டியோடு கம்பெனி ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து டிக்கெட்டை எண்ணி, டி.சி.ஆர். எனப்படும் அன்றன்றைய வசூல் சீட்டை எழுதி அனுப்புவார். ரெண்டு மூணு நாளுக்கு ஒரு படம் மாறும்.

உரிமம்தான் பெரிய சங்கதி. 1955ஆம் வருடத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957ல் வந்த விதிகளும் திரையரங்கை வகை பிரித்தன. நிரந்தரம், அரை நிரந்தரம், டூரிங் என்று. உரிமம் கொடுப்பவர் கலெக்டர். அந்தக் காகிதத்துக்குத் தொழிலில் 'சி பாரம்' என்று பெயர். டூரிங்குக்குக் குறுகிய காலத்துக்கே சி பாரம் கிடைக்கும். கெடு முடிந்தால் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி மனுப் போட வேண்டும். நிரந்தரத் தியேட்டரிலிருந்து இத்தனை தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. புரொஜெக்டர் அறை தீப்பிடிக்காத பொருளால் இருக்க வேண்டும், மணல் வாளியும் தண்ணீர் வாளியும் தொங்க வேண்டும், மின்சார இன்ஸ்பெக்டர் சான்று வேண்டும், பொதுப்பணித்துறை சான்று வேண்டும். வாளிக்கு நியாயமான காரணம் இருந்தது. பழைய நைட்ரேட் பிலிம் பட்டென்று பற்றிக்கொள்ளும், மேலே கீற்று. 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகை எரிந்து பலர் செத்துப்போன சம்பவம் தென்மாவட்டத்துக் கொட்டகைக்காரர் எல்லாரையும் உலுக்கியது.

இந்தச் சி பாரத்துக்காகக் காரைக்குடிக்காரர் எங்கே போனார் தெரியுமா? மதுரைக்கு. ராமநாதபுரம் ஜில்லா கலெக்டர் ஆபீஸ் ரொம்ப காலம் மதுரையில்தான் இருந்தது. படப்பெட்டியும் அங்கே, உரிமமும் அங்கே. காலை பஸ்ஸில் ஏறி ஆபீஸில் ஒரு கும்பிடு, விநியோகஸ்தரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ராத்திரி திரும்பலாம். பொன்னமராவதிக்காரருக்கு இந்த இரண்டு கும்பிடும் திருச்சியில்.

வரி இன்னொரு பக்கம். 1939ஆம் வருடத்துக் கேளிக்கை வரிச் சட்டப்படி டிக்கெட்டுக்கு டிக்கெட் வரி. பிறகு கிராமப் பஞ்சாயத்துப் பகுதிகளுக்கு 'காம்பவுண்டிங்' முறை வந்தது. கொட்டகை நிறைந்தால் எவ்வளவு வசூலாகுமோ அதைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். திருவிழா நாளில் இது லாபம். கோவில் கொடை, மஞ்சுவிரட்டு என்று ஊர் நிறைந்த நாளில் கணக்கைத் தாண்டிக் கூட்டம் வரும். மழைக்காலத்தில் நாலு பேருக்காகப் படம் ஓட்டினாலும் அதே வரி.

ரஸ்தாவில் ஒரு ஸ்டூடியோ

கொட்டகைக் கதைக்கு நடுவில் இதைச் சொல்லாமல் போக முடியாது. படம் பார்க்க மட்டுமே பொட்டல் இருந்த இந்தச் சீமையில், படம் எடுக்கவும் ஒரு பொட்டல் இருந்தது. காரைக்குடியில் 1907ல் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், அப்பாவின் கடையில் கிராமபோன் தட்டு விற்றுத் தொடங்கி, 1930களில் சென்னை போய்ப் படத் தயாரிப்பில் இறங்கினார். முதலில் கையைச் சுட்டுக்கொண்டார். 1945ல் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கியபோது போர்க்கால நெருக்கடியில் சென்னையில் ஸ்டூடியோவுக்கு மின் இணைப்புக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர் ஊருக்கே திரும்பினார். காரைக்குடிக்கும் கல்லலுக்கும் இடையில் ரயில் நிற்கும் தேவகோட்டை ரஸ்தாவில் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, படப்பிடிப்புத் தளமும் நடிகர்கள் தங்கக் குடிசைகளும் போட்டார்.

1947 ஜனவரியில் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னால் பாரதியார் பாட்டுகளோடு வந்து ஊரெல்லாம் ஓடியது. பாரதி பாடல்களின் உரிமை அப்போது மெய்யப்பன் கையில்தான். 1949ல் அது அரசுக்குப் போனது. அடுத்த 'வேதாள உலகம்' 1948. அதே வருடம் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டது. மூன்று வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. குத்தகை நிலம், பிரித்தெடுக்கிற குடிசை, தேவை முடிந்ததும் கிளம்புவது. கொட்டகை எப்படி வாழ்ந்ததோ அப்படியேதான் செட்டிநாட்டின் ஒரே பெரிய ஸ்டூடியோவும் வாழ்ந்துவிட்டுப் போனது. மண் தரையில் வைத்த காசு இங்கே தங்கவில்லை, கோடம்பாக்கத்தில் போய்க் கட்டடமானது.

உள்ளூரில் நகரத்தார் காசும் பெரிதாகக் கொட்டகைப் பக்கம் வரவில்லை. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது செட்டிமார் கடைகளும் நிலங்களும் முடங்கின. தப்பியவர்கள் கால்நடையாகத் திரும்பினார்கள். வீட்டு நிலைக்கதவை விற்றுச் சாப்பிடும் நிலைமைக்குப் போன குடும்பங்கள் நிரந்தரத் தியேட்டருக்கு எங்கே முதல் போடுவது?

பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். தமிழர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதி அல்ல, டிக்கெட்டு. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் எல்லாரும் போக முடிந்ததே 1939ல்தான் என்பதோடு இதைச் சேர்த்துப் படித்தால் மணல் தரை டிக்கெட்டின் எடை தெரியும். தரை, பெஞ்சு, சேர் என்று வகுப்பு இருந்தது. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவில் தடுப்பும் இருந்தது. ஆனால் காசு கொடுத்தவனை எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை. கொட்டகையைப் பற்றி ஏங்கி எழுதுகிறவர்கள் மணல் குவித்து உட்கார்ந்ததையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். இதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

எப்படி மூடியது

நன்றாக ஓடிய கொட்டகைதான் முதலில் கொட்டகை என்ற பெயரை இழந்தது. கூட்டம் வந்தால் முதலாளி அரை நிரந்தர உரிமத்துக்கு மனுப் போடுவார், செங்கல் சுவர் எழுப்புவார், கீற்றைக் கழற்றி ஆஸ்பெஸ்டாஸ் போடுவார், பிறகு நிரந்தரம். அப்படி ஒன்று பக்கத்தில் வந்துவிட்டால் தூரக் கணக்கில் அடுத்த கொட்டகைக்கு உரிமம் சிக்கலாகும். ரோடும் பஸ்ஸும் நன்றானபோது, பழைய பிரின்ட்டைக் காத்திருந்து பார்ப்பதற்குப் பதில் காரைக்குடிக்கே போய்ப் புதுப்படம் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பினார்கள். சி சென்டர் உடைந்தது இங்கேதான், டிவி வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். 1982ல் இலங்கை ரூபவாஹினி தொடங்கியபோது தெற்கத்திக் கரையோரங்களில் மூங்கில் உயரத்துக்கு ஆண்டெனா முளைத்தது. வீடியோ டெக் வாடகைக்கு வந்தது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று தெருவிலேயே மூணு படம் விடிய விடிய ஓடியது, டிக்கெட்டே இல்லாமல். கொடைக்கானல் டிவி 1980களின் பிற்பாதியில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் கொண்டுவந்தது. சன் டிவி 1993ல்.

இதையெல்லாம் தாங்கி நின்ற சில கொட்டகைகளை முடித்தது டிஜிட்டல். 2013, 2014 வாக்கில் புதுப்படங்களுக்கு பிலிம் பிரின்ட் போடுவது நின்றது. சர்வரும் புது புரொஜெக்டரும் ஏசி அறையும் இல்லாதவனுக்கு ஓட்டப் படமே இல்லை. தூசும் எலியும் புழங்கும் கீற்றுக்குக் கீழே லட்சக்கணக்கில் பெறும் கருவியை யார் வைப்பார்கள்?

அமெரிக்க டிரைவ்-இன்களை மூடிய முதல் எதிரி நிலத்தின் விலை. ஊர் வளர்ந்து பக்கத்தில் வந்தபோது பத்து ஏக்கரில் சாயங்காலம் மட்டும் படம் காட்டுவது கட்டுப்படியாகவில்லை; விற்றவர்களுக்காவது பணம் கிடைத்தது. இங்கே நிலம் கொட்டகைக்காரருடையதே இல்லை. நிலத்துச் சொந்தக்காரர் பிளாட் போட்டபோது இவருக்குக் கிடைத்தது புரொஜெக்டரும் மரப் பெஞ்சும்தான். புரொஜெக்டர் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுப் போனது. நிரந்தரமாக மாறியவர்களின் சந்ததி கட்டடத்தைக் கல்யாண மண்டபமாகவோ கோடவுனாகவோ மாற்றிக்கொண்டது. அதனால்தான் தெருவுக்குத் தெரு நூறு வருட வீடு நிற்கும் சீமையில், ஐம்பது வருடக் கொட்டகையின் ஒரு கம்புகூட மிச்சமில்லை.

தன் ஊர்க் கொட்டகையைப் பற்றி எழுத நினைப்பவர்கள் காகிதத்தைத் தேடிப் போகலாம். காலக்கெடு வைத்துக் கொடுத்த உரிமம் என்பதால் ஒவ்வொரு முறையும் மனு, வரைபடம், சான்று, ஆட்சேபம் என்று ஒரு கோப்பு உருவாகியிருக்கும். இடத்தின் சர்வே நம்பர் அதில் இருக்கும். எந்தத் தியேட்டர்காரர் ஆட்சேபித்தார் என்பதும் இருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் என்றால் 1985க்கு முந்தையது ராமநாதபுரம் ஜில்லாக் கோப்பு. பொன்னமராவதி, திருமயம் பக்கம் 1974க்கு முன்னால் திருச்சி ஜில்லா, அதற்குப் பிறகு புதுக்கோட்டை. கொட்டகைப் பெயரைச் சொல்லித் தேடினால் அலைய வேண்டியிருக்கும். ஊர்ப் பெயரையும் வருடத்தையும் தோராயமாகவாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள்.